கைபேசி ஒளிப்படங்களின் பிரிதிறனும் அச்சு அளவும்

கைபேசியில் எடுத்த ஓர் ஒளிப்படத்தை எவ்வளவு பெரிதாகத் தெளிவு குறையாமல் அச்சிடலாம் என்பதை அதிலுள்ள படப்புள்ளிகளின் எண்ணிக்கையும், அச்சை எவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கிறோம் என்பதும் சேர்ந்து முடிவு செய்கின்றன. படப்புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக அமைந்துள்ளன என்பதைக் குறிக்கும் சொல் பிரிதிறன் ஆகும். இதைக் கணக்கிட ஒரு வகுத்தல் போதும். எட்டாம் வகுப்பு மாணவரும் செய்துவிடலாம்.

இக்கணக்குத் தெரியாததால் வரும் ஏமாற்றம் பெரும்பாலும் தவறான நேரத்தில் வருகிறது. வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் அன்று மாலையே கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்கும், குமரி மாவட்டத்தில் அடியந்திரம் எனப்படும் பதினாறாம் நாள் சடங்குக்குள் சுவரில் மாட்டும் பெரிய படத்துக்கும் ஒரு முகம் தேவைப்படுகிறது. யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் படத்திலிருந்து அந்த முகம் வெட்டி எடுக்கப்படுகிறது. கைபேசித் திரையில் நன்றாகத் தெரிந்த முகம் 12×18 அங்குலச் சட்டத்துக்குள் மங்கிப் போகிறது. குறை ஸ்டூடியோக்காரர் மேல் விழுகிறது. உண்மையில் குறை படப்புள்ளிகளின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

படப்புள்ளி

எண்ணிம ஒளிப்படம் என்பது மிகச் சிறிய வண்ணச் சதுரங்களை வரிசையாக அடுக்கிய ஒரு கட்டம். பத்தமடைக் கோரைப்பாயை அருகில் வைத்துப் பார்த்தால் தனித்தனி இழைகள் தெரியும். தள்ளி நின்றால் பாயின் கோலம் மட்டுமே தெரியும். ஒளிப்படமும் அப்படித்தான். அதன் ஒவ்வொரு சதுரத்துக்கும் படப்புள்ளி அல்லது பிக்சல் என்று பெயர். பிக்சல் என்னும் சொல்லை 1965இல் அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த பிரெட் பில்லிங்ஸ்லி அச்சில் பயன்படுத்தினார்.

அதற்கு முன்பே, 1957இல், ரசல் கிர்ஷ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் தம் கைக்குழந்தையின் ஒளிப்படத்தைக் கணினிக்குள் ஏற்றியிருந்தார். அந்தப் படத்தில் அகலவாக்கில் 176, உயரவாக்கில் 176 புள்ளிகள் மட்டுமே இருந்தன. இன்றைய ஒளிப்பட அச்சின் வழக்கமான நெருக்கத்தில் அதை அச்சிட்டால் ஒன்றரை சென்டிமீட்டர் சதுரம்தான் வரும். அதாவது ஓர் அஞ்சல்தலையை விடச் சிறியது.

2000ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானில் வெளிவந்த ஷார்ப் நிறுவனத்தின் படக்கருவிக் கைபேசியில் சுமார் 1,10,000 படப்புள்ளிகள் இருந்தன. இன்று சாதாரணக் கைபேசியின் படத்தில் 4000×3000 புள்ளிகள், அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. பத்து லட்சம் புள்ளிகள் ஒரு மெகாபிக்சல் ஆதலால் இது 12 மெகாபிக்சல் படம் ஆகும்.

பிரிதிறன்: ஒரு சொல், இரு பொருள்

பேச்சு வழக்கில் பிரிதிறன் என்னும் சொல் இரண்டு வேறு பொருள்களில் வழங்குகிறது. குழப்பத்தின் தொடக்கம் இதுவே.

முதலாவது, படத்திலுள்ள மொத்தப் புள்ளிகள். "4000×3000 படம்" என்பது இப்பொருளில் வரும். இது கோப்புக்குள் இருப்பது. படம் எடுத்தபோதே முடிவாகிவிட்டது.

இரண்டாவது, அச்சில் ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகள் அமைகின்றன என்பது. இதை பிபிஐ என்பர். இது தாளில் அச்சிடும்போது மட்டுமே பிறக்கிறது. அதே 4000 புள்ளிகளை 10 அங்குலத்தில் பரப்பினால் 400 பிபிஐ. 40 அங்குலத்தில் பரப்பினால் 100 பிபிஐ. ஒரு படி அரிசியைச் சிறு தட்டிலும் பெரும் பாயிலும் பரப்புவது போன்றது இது. அரிசி கூடுவதில்லை, அடர்த்திதான் மாறுகிறது.

கணினியில் படத்தின் விவரங்களைத் திறந்தால் "72 டிபிஐ" அல்லது "300 டிபிஐ" என்று ஒரு குறிப்பு தெரியும். பலர் 72 என்பதை 300 என மாற்றிவிட்டால் படம் தெளிவாகிவிடும் என்று எண்ணுகின்றனர். அது வெறும் சீட்டு. அதை மட்டும் மாற்றுவதால் ஒரு புள்ளிகூடக் கூடாது. 72 என்னும் எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அச்சுத்தொழிலில் ஓர் அங்குலம் 72 பாயிண்ட். 1984இல் வந்த ஆப்பிள் மேக்கின்டோஷ் கணினியின் திரையும் அதற்கேற்ப ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகளுடன் அமைந்தது. அந்தப் பழக்கம் கோப்புகளில் இன்றும் தங்கியிருக்கிறது.

டிபிஐ என்பது கண்டிப்பாகச் சொன்னால் அச்சுப்பொறி தாளில் இடும் மைத்துளிகளின் நெருக்கம். ஒரு படப்புள்ளியின் வண்ணத்தைக் காட்ட மைப்பொறி பல துளிகளை இடும். ஆகவே பொறியின் மேல் எழுதியுள்ள பெரிய டிபிஐ எண்ணைக் கொண்டு படத்தின் தெளிவைக் கணிக்க முடியாது.

அச்சு அளவைக் கணக்கிடுதல்

அச்சின் நீளம் (அங்குலத்தில்) = படப்புள்ளிகளின் எண்ணிக்கை ÷ பிபிஐ

4000×3000 படத்தை 300 பிபிஐயில் அச்சிட்டால் 13.3×10 அங்குலம் வரும். 200 பிபிஐயில் 20×15 அங்குலம். 100 பிபிஐயில் 40×30 அங்குலம்.

மறுபக்கமாகவும் கணக்கிடலாம். வேண்டிய அச்சின் அளவை பிபிஐயால் பெருக்கினால் தேவையான புள்ளிகள் கிடைக்கும். ஸ்டூடியோக்களில் வழக்கமாகக் கேட்கப்படும் அளவுகளுக்கு அக்கணக்கு பின்வருமாறு. முதல் எண் 300 பிபிஐக்கும், அடுத்தது 200 பிபிஐக்கும் உரியது.

பாஸ்போர்ட் அளவு, 35×45 மில்லிமீட்டர்: 413×531, 276×354
4×6 அங்குலம்: 1200×1800, 800×1200
5×7 அங்குலம்: 1500×2100, 1000×1400
8×10 அங்குலம்: 2400×3000, 1600×2000
ஏ4 தாள்: 2480×3508, 1654×2339
12×18 அங்குலம்: 3600×5400; 2400×3600
20×30 அங்குலம்: 6000×9000, 4000×6000

கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு 300 சிறந்தது. 200 போதுமானது. 150க்குக் கீழே போனால் கூர்ந்து பார்ப்பவருக்குக் குறை தெரியத் தொடங்கும்.

300 என்னும் எண் எங்கிருந்து வந்தது?

நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் அமைந்த இரு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும். அதற்கும் குறைந்தால் இரண்டும் ஒன்றாகத் தோன்றும். புத்தகம் படிக்கும் தொலைவான 30 சென்டிமீட்டரில் இந்தக் கோணம் 0.087 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சமம். 25.4 மில்லிமீட்டராகிய ஓர் அங்குலத்தை இதனால் வகுத்தால் சுமார் 290 வரும். அதை முழு எண்ணாக்கி 300 என்கிறோம்.

அச்சகத்திலும் இதே எண் வேறு வழியில் வருகிறது. ஆப்செட் அச்சில் படம் சிறு வட்டங்களின் வரிசைகளாக உடைக்கப்படுகிறது. சிவகாசியில் அச்சாகும் நாள்காட்டி போன்ற வழவழப்புத் தாள் வேலைக்கு ஓர் அங்குலத்தில் 150 வரிசைகள் என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. படம் அதைப்போல் இரு மடங்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது அச்சுக்காரர்களின் விதி. 150இன் இரு மடங்கு 300. நாளிதழ்த் தாளில் வரிசைகள் இதைவிடக் குறைவு. ஆகவே நாளிதழுக்கு 200 பிபிஐ போதும்.

பார்க்கும் தொலைவு

கண்ணின் கோணம்தான் அளவுகோல் என்பதால், தொலைவு கூடக் கூடத் தேவையான பிபிஐ குறையும். 3438 என்னும் எண்ணைப் பார்க்கும் தொலைவால் (அங்குலத்தில்) வகுத்தால் தேவையான பிபிஐ கிடைக்கும்.

1 அடி தொலைவு: 287
3 அடி: 95
5 அடி: 57
10 அடி: 29
30 அடி: 10

சாலையோரப் பிளக்ஸ் பலகையில் கைபேசிப் படம் நன்றாகத் தெரிவதன் காரணம் இதுவே. 10 அடி அகலப் பலகையில் 4000 புள்ளிகளைப் பரப்பினால் 33 பிபிஐதான். ஆனால் பத்தடி தள்ளி நிற்பவருக்கு 29 போதும். டிசம்பர் மாதத்தில் அருமனைக் கிறிஸ்துமஸ் விழாவுக்கு வருபவர் தெருவில் நின்று பார்க்கும் பலகையில் அவர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. அதே பலகையின் அருகில் போய் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தால் சதுரம் சதுரமாகத் தெரியும்.

"பிளக்ஸில் நன்றாக வந்த படம் சிறிய ஆல்பத்தில் ஏன் மங்குகிறது?" என்ற கேள்விக்கும் விடை இதுதான். ஆல்பத்தைக் கையில் வைத்துப் பார்க்கிறோம்.

மெகாபிக்சல் எண்ணும் உண்மைத் தெளிவும்

50, 108 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்யப்படும் கைபேசிகள் பெரும்பாலும் சுமார் 12 மெகாபிக்சல் படங்களையே சேமிக்கின்றன. இதில் ஏமாற்று ஏதுமில்லை. உணரியிலுள்ள நான்கு அல்லது ஒன்பது நுண்புள்ளிகளைச் சேர்த்து ஒரு படப்புள்ளியாக்கினால் குறைந்த ஒளியிலும் படம் துகள் துகளாகத் தெரியாமல் வரும். முழு எண்ணிக்கை வேண்டுமெனில் அமைப்பில் 50 அல்லது 108 என்பதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டப்பகல் வெளிச்சத்தில், அசையாத காட்சிக்கு அது பயன்படும். மாலையிலும் கூரைக்குள்ளும் பெரும்பாலும் பயன் தராது.

புள்ளிகள் நிறைய இருந்தும் படம் மங்கலாக இருக்கலாம். கை நடுங்குவது, குவியம் வேறிடத்தில் விழுவது, வில்லையில் விரல் எண்ணெய் படிவது ஆகியன முக்கியக் காரணங்கள். எடுக்கும் முன் மென்மையான பருத்தித் துணியால் வில்லையை ஒரு முறை துடைப்பது செலவில்லாத மேம்பாடு.

ஜூம் செய்வதும் வெட்டுவதும்

கைபேசியில் இருவகை ஜூம் உண்டு. தொலைவில்லை என்னும் தனி வில்லையால் செய்வது ஒளியியல் ஜூம். அது உண்மையிலேயே கூடுதல் விவரங்களைப் பதிவு செய்யும். திரையை இரு விரல்களால் விரித்து அதற்கு மேல் போவது எண்ணிம ஜூம். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவது மட்டுமே.

கன்னியாகுமரியில் 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை பீடத்துடன் 133 அடி, அதாவது சுமார் 40 மீட்டர் உயரம். கடற்கரையில் அரைக் கிலோமீட்டர் தொலைவில் நின்று கைபேசியை நெடுக்காகப் பிடித்து எடுப்பதாகக் கொள்வோம். சாதாரண முதன்மை வில்லை அத்தொலைவில் சுமார் 660 மீட்டர் உயரமுள்ள பரப்பைக் காட்டும். 4000 புள்ளிகள் 660 மீட்டருக்கு எனில் ஒரு மீட்டருக்கு 6 புள்ளி. சிலைக்கு மொத்தம் சுமார் 240 புள்ளிகள். 300 பிபிஐயில் அச்சிட்டால் வள்ளுவர் பீடத்துடன் 2 சென்டிமீட்டர் உயரமே இருப்பார். எண்ணிம ஜூம் செய்து திரை முழுதும் நிரப்பினாலும் வில்லை பதிவு செய்த விவரம் அந்த 240 புள்ளிகள் அளவுதான். 5 மடங்கு ஒளியியல் ஜூம் இருந்தால் 1200 புள்ளிகள் கிடைக்கும். படகில் ஏறி அருகே போனால் அதற்கும் மேல் கிடைக்கும்.

பக்க விகிதம்

கைபேசிப் படத்தின் பக்கங்கள் 4:3 விகிதத்தில் இருக்கும். 4×6, 8×12, 12×18, 20×30 அங்குல அச்சுகள் 3:2 விகிதத்தில் உள்ளன. இரண்டும் பொருந்தாததால் 4000×3000 படத்தில் 4000×2667 பகுதி மட்டுமே அச்சில் வரும். மேலும் கீழுமாக 333 வரிசைகள் வெட்டுப்படும். வகுப்புக் குழுப்படத்தில் பின்வரிசை மாணவரின் தலையோ முன்வரிசை மாணவரின் காலோ போவது இதனால்தான். எடுக்கும்போதே எல்லாப் பக்கமும் சிறிது இடம் விட்டு எடுத்தால் இச்சிக்கல் இல்லை. 6×8, 9×12, 12×16 அங்குல அளவுகள் 4:3 படத்துக்கு வெட்டாமல் பொருந்தும்.

கோப்பின் எடை, வாட்ஸ்அப் சுருக்கம்

ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் தேவை. 12 மெகாபிக்சல் படம் சுருக்கப்படாமல் 36 எம்பி வரும். 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை, கண் கவனிக்காத நுண்வேறுபாடுகளை நீக்கி அதைச் சில எம்பியாகக் குறைக்கிறது. ஆகவே கோப்பின் எடையும் படப்புள்ளி எண்ணிக்கையும் ஒன்றல்ல. தேர்வு விண்ணப்பத்தில் "50 கேபிக்குள்" என்று கேட்பது எடையை. "35×45 மில்லிமீட்டர்" என்பது அளவை. இரண்டையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். விண்ணப்பத்துக்காகச் சுருக்கிய கோப்பைப் பிறகு அச்சுக்குக் கொடுக்கக் கூடாது. மூலக்கோப்பைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 புள்ளிகளை ஒட்டிய அளவுக்குக் குறைந்துவிடுகிறது. 1600×1200 என்பது 2 மெகாபிக்சலுக்கும் குறைவு; மூலப்படத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. 4×6 அங்குல அச்சுக்கு அது போதும். 12×18க்குப் போதாது. 2023 ஆகஸ்டில் எச்டி தரத்தில் அனுப்பும் வசதி வந்தது. அதுவும் படத்தைச் சுருக்கவே செய்கிறது. மூலக்கோப்பை மாறாமல் அனுப்ப, இணைப்புக் குறியைத் தொட்டு "ஆவணம்" என்பதைத் தேர்ந்து அனுப்ப வேண்டும். ஐபோனின் எச்இஐசி வகைக் கோப்பு சில கணினிகளில் திறக்காது என்பதால் ஜேபெக்காக மாற்றித் தருவது நல்லது.

கூட்டத்திலிருந்து ஒரு முகம்

திருமண மேடையில் பத்துப் பேர் நிற்கும் 4000 புள்ளி அகலப் படத்தில் ஒருவருக்குக் கிடைப்பது 400 புள்ளிகள். அவரை மட்டும் வெட்டி 12 அங்குல அகலத்தில் அச்சிட்டால் 33 பிபிஐ. முன்சொன்ன கணக்குப்படி ஒன்பதடி தள்ளி நின்றால்தான் தெளிவாகத் தெரியும். அதே படம் வாட்ஸ்அப்பில் வந்ததெனில் அவருக்கு 160 புள்ளிகளே. 22 அடி தள்ளி நிற்க வேண்டும். நம் வீடுகளில் அவ்வளவு நீளமான அறை அரிது.

இத்தகைய நிலையில் செய்யக்கூடியவை:

முதலில், படத்தை எடுத்தவரைத் தேடி மூலக்கோப்பைக் கேட்க வேண்டும். இறந்தவரின் கைபேசியை அழித்து வேறொருவருக்குக் கொடுக்கும் முன் அதிலுள்ள படங்களைப் படியெடுக்க வேண்டும். கூகுள் போட்டோஸில் "சேமிப்பிடம் மிச்சம்" என்னும் பொருளுடைய தேர்வில் ஏற்றிய படமும் 16 மெகாபிக்சல் வரை அளவு குறையாமல் இருக்கும். வாட்ஸ்அப் படியைவிட அது பல மடங்கு மேல்.

இரண்டாவது, மூலம் கிடைக்கவில்லை எனில் அச்சைச் சிறிதாக்கலாம். 400 புள்ளிகள் 5 அங்குல அகலத்தில் 80 பிபிஐ ஆகும். மூன்றரை அடியிலிருந்து நன்றாகத் தெரியும். பெரிய சட்டத்துக்குள் அகலமான வெள்ளை ஓரம் விட்டு நடுவில் 5×7 படத்தை வைத்தால் பார்வைக்கும் அழகு. முகமும் முகமாகவே இருக்கும்.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவுச் செயலிகளால் பெரிதாக்கும்போது கவனம் வேண்டும். படத்தில் இல்லாத விவரத்தை அவை ஊகித்து வரைகின்றன. கண் பளிச்சென்று இருக்கும். ஆனால் அது அவருடைய கண்ணாக இல்லாமல் போகலாம். மச்சமும் தழும்பும் மறைந்துவிடலாம். அச்சிடும் முன் அவரை நன்கு அறிந்த ஒருவரிடம் காட்டி ஒப்புதல் பெறுவது நல்லது.

பழைய படங்களைப் பெரிதாக்குதல்

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ ஒளிப்படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன் எண்ணிமமாக்கியுள்ளது. வீட்டுப் பெட்டியில் உள்ள படங்களுக்கும் அதே கவனத்தைக் காட்டலாம்.

பழைய 35×45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை 1200 பிபிஐயில் வருடினால் 1654×2126 புள்ளிகள் கிடைக்கும்; 200 பிபிஐயில் 8×10 அங்குல அச்சு எடுக்கலாம். ஆனால் பழைய தாளிலேயே இல்லாத நுட்பத்தை வருடியால் தர இயலாது. 35 மில்லிமீட்டர் பிலிம் நெகட்டிவ் இருந்தால் அதுவே மேல்; 2400 பிபிஐயில் வருடினால் சுமார் 3400×2268 புள்ளிகள் வரும். ஆகவே நெகட்டிவ்களை எறிந்துவிடக் கூடாது.

வருடி இல்லாதவர் சன்னலருகே படத்தைத் தட்டையாக வைத்து, சட்டத்தின் கண்ணாடியை நீக்கி, பிளாஷ் இல்லாமல், கைபேசியைப் படத்துக்கு இணையாகப் பிடித்து எடுக்கலாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்

1. கைபேசியில் படத்தின் விவரத்தைத் திறந்து புள்ளிகளின் எண்ணிக்கையைப் பார்க்கவும்.
2. வேண்டிய அளவால் வகுத்து பிபிஐ காணவும். கையில் பார்ப்பதற்கு 200, சுவரில் மாட்டுவதற்கு 100 குறையாமல் இருக்கட்டும்.
3. விகிதம் பொருந்துகிறதா, எது வெட்டுப்படும் என்று பார்க்கவும்.
4. மூலக்கோப்பை ஆவணமாகவோ பென்டிரைவிலோ கொடுக்கவும். திரைப்பிடிப்பைக் கொடுக்க வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்களை இடுப்புக்கு மேல், நெடுக்காக, வராந்தா நிழலில், இரண்டு மீட்டருக்குள் நின்று ஒரு படம் எடுத்து மூலக்கோப்பாகவே வைத்திருந்தால் 3000×4000 புள்ளிகளும் அவர்களுக்கே கிடைக்கும். 10×13 அங்குலம் வரை 300 பிபிஐயில் அச்சிடலாம்; சுவரில் மாட்டுவதற்கு 20×30 அங்குலமும் எட்டும். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே அச்சிட்டு அவர்கள் கையில் கொடுக்கலாம்.